ஆசிட் வண்டியில் நான்கு நாள்: தூத்துக்குடி முதல் புனலூர் வரை

முதல் நாள், தூத்துக்குடி

ஒன்பது வருடமாக லாரி ஆபீசில் உட்கார்ந்து பில் போடுகிறேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது டிரைவர்களுக்கு போன் போட்டு "எங்க நிக்கிய?" என்று கேட்பேன். "ஏன் நிக்கிய?" என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கும். அது அவர்களுக்கும் தெரியும். இன்று காலை ஆறு மணிக்கு அந்த போனின் அடுத்த முனைக்கு வந்து சேர்ந்தேன்.

டேங்கர் டிரைவர் அண்ணாச்சியோடு வழக்கமாகப் போகிற கிளீனர் பையனுக்கு அக்கா வீட்டில் காதுகுத்து. மாற்றாள் யார் என்று பார்த்தால், பயிற்சி எடுத்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அபாயகரமான சரக்கு ஏற்றுகிற டிரைவர் மூன்று நாள் பயிற்சி முடித்து, அதை லைசென்சிலும் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் அந்த வகுப்பில் ஆள் குறைகிறது என்று என்னையும் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். மூன்று நாளும் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதற்கான விலையை இப்போது கொடுக்கிறேன்.

அண்ணாச்சிக்கு ஊர் எப்போதும்வென்றான். பெயர் கேட்டதும் செக்போஸ்டில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள், அதுவே அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். 26 வருடமாக வண்டி ஓட்டுகிறார், அதில் பதினான்கு வருடம் டேங்கர். ஆபீசில் என்னை 'சார்' என்பார். வண்டியில் ஏறிய பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார், கூச்சமாக இருந்தது.

சரக்கு கந்தக அமிலம். கப்பலில் வந்து, குழாய் வழியாகக் கரையில் உள்ள பெரிய தொட்டிகளுக்கு ஏறி, அங்கிருந்து எங்களைப் போன்ற வண்டிகளுக்கு இறங்குகிறது. எங்களுக்கு முன்னால் பதினேழு வண்டிகள் நின்றன. தார்ப்பாய் கட்டிய நிலக்கரி லாரிகள் ஒரு பக்கம், கண்டெய்னர்கள் ஒரு பக்கம், டேங்கர்களுக்குத் தனி வரிசை. தூத்துக்குடித் துறைமுகம் இயற்கையாக அமைந்ததில்லை. கடலுக்குள் ஆளுக்கு நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் கல்லைக் கொட்டி இரண்டு சுவர் கட்டி, நடுவில் அலையை அடக்கி வைத்திருக்கிறார்கள். 1974-இல் பெரிய துறைமுகம் என்று அறிவித்தார்கள், 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் ஆபீஸ் காலண்டரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அடங்கிய கடலுக்குப் பக்கத்து ரோட்டில் வரிசையில் நிற்கும்போது காற்று மட்டும் அடங்குவதே இல்லை என்பதைக் காலண்டர் சொல்லவில்லை. உதட்டை நக்கினால் உப்பு.

மணி மூன்று ஆகிவிட்டது. ஒன்பது மணி நேரம். இடையில் எனக்கு ஆபீசிலிருந்து நான்கு போன். "லோடு ஆயிட்டா?" நான் இதே கேள்வியை இதே தொனியில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! அண்ணாச்சி ஸ்டியரிங் மேல் துண்டை விரித்துத் தலை சாய்த்துக்கொண்டு, "சார், போனை எடுத்துராதிய, எடுத்தா இன்னும் ரெண்டு வரும்" என்றார்.

ஏற்றும் இடத்தில் ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, ஏப்ரன். பக்கத்திலேயே சங்கிலியை இழுத்தால் கொட்டுகிற ஷவர். மேலே மூடியைத் திறந்து குழாயை இறக்குகிறார்கள். ஆசிட் என்றால் புகையும், மூக்கைப் பிடுங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நிறமில்லாமல், கெட்டியாக, விளக்கெண்ணெய் மாதிரி அமைதியாக இறங்கியது. 98 சதவீதம். பார்க்க எண்ணெய் மாதிரி இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எடைமேடைச் சீட்டில் சரக்கு மட்டும் 22 டன். லிட்டர் கணக்கில் பார்த்தால் 12,000-க்கும் சற்றுக் குறைவு. தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், 1.84 மடங்கு. இதே அளவு பெட்ரோல் என்றால் ஒன்பது டன்னைத் தாண்டாது. அதனால்தான் ஆசிட் டேங்க் பார்க்கச் சின்னதாக இருக்கிறது. நீண்ட பெட்ரோல் டேங்கருக்குப் பக்கத்தில் நின்றால் எங்கள் பன்னிரண்டு சக்கரத்து வண்டி அதன் தம்பி மாதிரித் தெரியும். பின்னால் வருகிற காரும் அப்படி நினைத்துத்தான் சட்டென்று முன்னால் வெட்டி நுழைகிறது.

டேங்கின் பக்கங்களிலும் பின்னாலும் பலகை. 1989 மோட்டார் வாகன விதிகளில் சொல்லியிருக்கிறபடி பொருளின் பெயர், ஐ.நா. எண் 1830, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், அப்புறம் சாய்சதுரத்தில் ஒரு படம்: மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு, வெள்ளையில் இரண்டு குழாயிலிருந்து சொட்டு விழுகிறது, ஒன்று உலோகத் துண்டின் மேல், இன்னொன்று ஒரு கையின் மேல். கீழே 8, அரிக்கிற சரக்கு என்பதற்கான எண். அந்தப் பலகைகளை அடிக்கக் கொடுப்பதும் வாங்கி ஒட்டுவதும் நான்தான்.

இன்று இதோடு சரி. ஊருக்கு வெளியே யார்டில் வண்டி நிற்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.


இரண்டாம் நாள், பிரானூர் பார்டர்

இன்று ஓடியது சுமார் 120 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் வருகிறவன் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவான். நாங்கள் வந்து சேர்ந்தது மாலை ஐந்தரைக்கு. என் ஆபீஸ் ஏட்டில் இந்தத் தூரத்துக்கு நான் போடுவது நான்கு மணி நேரம்.

நாலு மணிக்குக் கிளம்பி, வாகைகுளம் சுங்கச்சாவடி தாண்டி, வல்லநாட்டில் வெளிமான் சரணாலயக் குன்று கறுப்பாக எழுந்தது. எனக்கு அடக்க முடியாத நிலை. "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரங்கட்டுங்க." காதில் விழாத மாதிரி ஓட்டினார். தாமிரபரணிப் பாலம் தாண்டி, அதற்கப்புறமும் இரண்டு கிலோமீட்டர் போய்த்தான் நிறுத்தினார். "ஆத்துக்குப் பக்கத்துல இந்த வண்டி நிக்கப்படாது சார். தூத்துக்குடிக்காரன் குடிக்குத தண்ணியே இங்ஙனதான் எடுக்குதான்." விதியில் இப்படி ஒரு வரி உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அண்ணாச்சிக்குச் சொந்தமாக ஒரு வரைபடம் இருக்கிறது. நம் வரைபடத்தில் ஊர்கள் இருக்கும். அவருடையதில் நிற்கக்கூடிய இடங்கள் மட்டும்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடம் கூடாது, கோயில் கொடை நடக்கிற தெரு கூடாது, கிணற்றடி கூடாது, வைக்கோல் படப்பு கூடாது, சரிவு கூடாது. இதெல்லாம் போக என்ன மிஞ்சும்? தூத்துக்குடிக்கும் புனலூருக்கும் நடுவில் பதினொன்று என்று விரல்விட்டுச் சொன்னார்.

பள்ளிக்கூட வண்டிகள் கிளம்புவதற்குள் நெல்லையைத் தாண்ட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கணக்கு. ஆறு மணிக்கெல்லாம் பேட்டை பின்னால் போய்விட்டது.

சீதபற்பநல்லூர் தாண்டி ஒரு டீக்கடை. முன்னால் நல்ல அகலமான இடம். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். கடைக்கார அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, கரண்டியோடு கையை ஆட்டினார். "அந்த வண்டிய இங்கன போடாதிய! அங்ஙன தள்ளிப் போங்க." எனக்குச் சுருக்கென்றது. பலகையைக்கூட அவர் படித்திருக்க மாட்டார்; டேங்கின் சைசை வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறார். அண்ணாச்சிக்குக் கோபமே இல்லை. "அந்தம்மா சொல்லுததுதான சரி? அடுப்பு எரியுது, அஞ்சாறு பேரு உக்காந்திருக்கான்" என்று அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போட்டார். வண்டியை ஆள் இல்லாமல் விடக் கூடாது என்பதால், நான் நடந்து வந்து டீ குடித்துவிட்டுப் போனேன், பிறகு அவர் நடந்து வந்து குடித்தார். அந்த அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் காசு வாங்கவில்லை. ஒரு டீக்கு ஐம்பது நிமிடம்! ஆபீசில் இருந்திருந்தால் நானே போன் போட்டிருப்பேன்.

ஆலங்குளத்துக்கு முன்னால் ரோடு அடைத்துக் கிடந்தது. காத்தாடி றெக்கை.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது புதிதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்து ஆலங்குளம், சுரண்டை, ஊத்துமலை என்று அடிக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். ஆனாலும் ஒரே றெக்கையை ரோட்டில் படுக்கவைத்துப் பார்ப்பது வேறு. அறுபது மீட்டருக்குக் குறையாது. தூத்துக்குடியில் கப்பலேறுகிறவற்றில் எண்பது மீட்டரைத் தாண்டியதும் உண்டு. வளைவு ஒன்றில் டிரெய்லரின் முன்பாதி திரும்பிவிட்டது, பின்பாதி வயலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ரிமோட்டோடு ஓர் ஆள் பின்னாலேயே நடக்கிறார். இரண்டு பேர் நீளக் கம்பால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மின்வாரிய ஊழியர் வந்து லைனை நிறுத்தும்வரை ஓர் அங்குலம் நகராது.

ஊர் முழுக்க அங்கேதான். பிள்ளைகள் றெக்கைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு ஒருவர் பீடி பற்றவைத்தார். அண்ணாச்சி இறங்கிப் போய்த் தோளைத் தொட்டு, "அண்ணன், இதுல சாயாதிய, ஆசிட்டு" என்றார். அந்த மனிதர் குதித்த குதியில் பீடி வயலுக்குள் போய் விழுந்தது. பெரியதாக இருக்கிறதைப் பார்த்துத்தான் நாம் ஒதுங்குகிறோம். எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த றெக்கை யார் கையையும் பொசுக்காது.

றெக்கை வண்டியின் டிரைவர் அண்ணாச்சிக்குத் துறைமுக வரிசையில் பழக்கம். மூன்று நாளாக வருகிறாராம், இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்ட அனுமதி இல்லையாம். ரோட்டில் கொண்டுபோகவே முடியாத சாமானும் உண்டு என்று பேச்சு கூடங்குளத்துக்குப் போனது. அணு உலைக்கான பெரிய கலன்களைத் துறைமுகத்திலிருந்து மிதவையில் ஏற்றிக் கடல் வழியாக இழுத்துப் போவார்கள். 2023 செப்டம்பரில் அப்படிப் போன மிதவை ஒன்று, இழுவைக் கயிறு அறுந்து கூடங்குளத்துக்குப் பக்கத்தில் பாறையில் தட்டி நின்றுவிட்டது. "கடல்லயும் நிக்கத்தான் செய்யுது பாத்தியளா" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். அது ஆபீசுக்குச் சொன்னது.

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து வழி கிடைத்தது.

பாவூர்சத்திரம் எனக்குச் சொந்த ஊர். முந்தின நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மெயின் ரோட்டில் வந்து தூக்குவாளியோடு நின்றிருந்தது அம்மா. காய்கறிச் சந்தைக்கு வந்த வண்டிகள் இரண்டு பக்கமும் அடைத்து நிற்க, நடுவில் நாங்கள். நிறுத்த வழியே இல்லை. அண்ணாச்சி முடிந்த மட்டும் பைய ஓட்டினார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். அம்மா வண்டியோடு பத்தடி நடந்து வந்து, அப்புறம் நின்றுவிட்டது. ஊரைத் தாண்டி, மேற்கே இரண்டு கிலோமீட்டரில் இருந்தது பதினொன்றில் ஒன்று. தம்பி பைக்கில் துரத்தி வந்து தூக்குவாளியைக் கொடுத்தான். புளிக்குழம்பு, அவித்த முட்டை. "எய்யாவுக்கு ஒரு அஞ்சு நிமிசம் நிக்க முடியலையான்னு கேக்கு" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது தடவை போன் போடுகிறவனுக்கு இது வேண்டியதுதான்.

தென்காசி தாண்டி பிரானூர். 1956 நவம்பரில் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்கிறவரை திருவிதாங்கூர் எல்லை இங்கேதான். எல்லை போய்விட்டது, 'பார்டர்' என்ற பெயரும் பார்டர் பரோட்டாவும் போகவில்லை. கடைக்குப் பக்கத்தில் மரக்கடை, அதற்குப் பக்கத்தில் மரம் அறுக்கிற பட்டறை. மலை மலையாகத் தடியும் தூளும். அண்ணாச்சி ஹாரன் அடித்துக்கொண்டே அதைத் தாண்டினார். மரத்தூளில் கந்தக அமிலம் பட்டால் கரியாகிச் சூடேறும், தீயும் பிடிக்கலாம். இங்கே அவருக்கு நிற்குமிடம் தள்ளி ஓர் எடைமேடை வளாகம். இரவுக்கு நூறு ரூபாய். மறுபடி ஆள் மாற்றி ஆள்தான். நான் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்றுவிட்டு, அவருக்குப் பார்சல் வாங்கி வந்தேன். சூடு போன பரோட்டாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வருடமாக அவர் பார்டர் பரோட்டாவைச் சூடாகச் சாப்பிட்டதில்லை என்று சொன்னார், அதுவும் நான் கேட்டதால்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. இராத்திரியில் மலை ஏறுவதில்லை என்பது அவருடைய விதி.


மூன்றாம் நாள், புனலூர்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, கை இன்னும் நடுங்குகிறது.

ஐந்தரை மணிக்குக் கிளம்பி புளியரைக்குப் போனோம். சோதனைச்சாவடி வரிசை. சாரல் விட்டு விட்டு விழுந்தது. முன்னால் வாழைக்காய் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி. அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வர இறங்கினார்; எங்கே நின்றாலும் ஒரு சுற்றுச் சுற்றாமல் இருக்க மாட்டார். பின்பக்கம் போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குனிந்து தரையில் கிடந்த ஒரு தேக்கு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை இலை. அதில் மூன்று புள்ளி, தீக்குச்சியால் சுட்ட மாதிரிக் கறுப்பாக.

நான் குனிந்து அந்த இலையை எடுக்கப் போனேன். சத்தியமாக, எடுக்கப் போனேன். "ஏல! கைய எடு!" என்று ஒரு சத்தம். மூன்று நாளாகக் கேட்ட 'சார்' அந்த இடத்தோடு போனது.

இறக்குகிற வால்வுக்கு வெளியே ஒரு மூடித் தகடு, நடுவில் கசிவை அடைக்க டெஃப்லான் கேஸ்கட். வால்வில் லேசாகக் கசிந்தது தகடு வரை வந்து, அதன் அடி ஓரத்தில் சொட்டாகத் திரண்டுகொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் 22 டன்.

சிமெண்ட் லாரிக் கிளீனர் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பயிற்சி வகுப்பில் எனக்குப் பதிந்திருந்த ஒரே விஷயம் அதுதான் போல. நான் குறுக்கே போய் நின்றேன். உடம்பில் பட்டால் தண்ணீர், அதுவும் ஷவர் கணக்கில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். தரையில் கிடக்கிற அமிலத்தின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தானே என்றார் அவர். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் விளக்க வரவில்லை, "வேண்டாம்ணே, வேண்டாம்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாரலில் நனைந்த ரோட்டில் ஒவ்வொரு சொட்டும் விழும்போது 'சுர்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தமே அவருக்குப் பதில் சொல்லிவிட்டது, வாளியோடு பின்னால் போனார்.

அண்ணாச்சி அவசரப்படவே இல்லை. பூட்ஸ், ஏப்ரன், கையுறை, முகமறைப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு மணி நேரமாக இருந்தது. பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அடியில் வைத்தார். ஸ்பேனரை எடுத்து, ஒரு போல்ட்டைக் கால் சுற்று, அதற்கு நேர் எதிரில் இருப்பதைக் கால் சுற்று, அப்புறம் குறுக்கே. ஒரே பக்கமாக முறுக்கினால் தகடு சரிந்து கசிவு கூடிவிடும். மூன்று சுற்று முடிந்து, முகத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். சொட்டு திரளவில்லை. பத்து நிமிடம் பார்த்தோம். திரளவில்லை.

சிந்தின இடத்தில் மணல் போட்டு, மேலே அமிலத்தை முறிக்கிற சோடா ஆஷ் தூவச் சொன்னார். அது என் வேலை. தூத்துக்குடியில் செய்கிற சரக்குதான், மூட்டை மூட்டையாகப் பில் போட்டிருக்கிறேன். பொங்கிக்கொண்டு நுரைத்தது. நுரை அடங்கும் வரை தூவி, கலவையை அள்ளிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டோம். சாவடி போலீஸ்காரரிடம் அண்ணாச்சி தானே போய்ச் சொன்னார். அவர் வந்து பார்த்து, பலகையில் இருந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அந்தப் பலகையை ஒருவர் படித்து நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

ஆபீசுக்கும் சொல்ல வேண்டுமே. போன் போட்டேன். என் நாற்காலியில் புதுப் பையன். நான் கசிவு என்று ஆரம்பிப்பதற்குள், "அண்ணே, எங்க நிக்கிய? எப்ப போய்ச் சேருவிய?" என்றான். அந்தப் பேச்சை நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. திட்ட முடியவில்லை.

அப்புறம் மலை. புளியரை எஸ் வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே ஏறினோம். வளைவில் டேங்குக்குள் சரக்கு ஒரு பக்கமாக அசைந்து, ஒரு கணம் கழித்து வண்டியைத் தொடுவது முதுகில் தெரிகிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றன, டேங்கும் அளவாகத்தான் நிறைந்திருக்கிறது, இருந்தும் தெரிகிறது. அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு அந்த அசைவுக்காகக் காத்திருந்து, அது வந்து சேர்ந்ததும்தான் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். கோட்டைவாசலில் கருப்பசாமிக்கு ஒரு சூடம். வண்டியை ஓரங்கட்டி, தேங்காய் மட்டும் உடைக்காமல் வந்தார். "தேங்காத் தண்ணிய வண்டில தெளிக்கணும்பான் பூசாரி. இந்த வண்டிக்கு அது வேண்டாம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

எல்லை தாண்டினால் இறக்கம். கால் பிரேக்கைத் தொடாமல், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் கியரிலும் பிடித்துப் பிடித்து விட்டார். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது மழை தெளிந்தது. கொல்லம் - செங்கோட்டை ரயில் 1904-இல் வந்தது. கருங்கல் தூண்கள் இப்போதும் அப்படியே நிற்கின்றன. சுற்றுலாக்காரர்கள் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். நாங்கள் நிற்கக் கூடிய இடம் இல்லை அது.

புனலூர் தாண்டித் தொழிற்சாலை. வாசலில் சேட்டன் ஒருவர் சீட்டைப் பார்த்து, "நாளே ராவிலெ" என்றார். சரி, நாளைக் காலை.


நான்காம் நாள், பாவூர்சத்திரம்

காலையில் மாதிரி எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். 98 இருக்க வேண்டும். குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் காத்திருப்பு, பம்ப் போட்டு இறக்க ஒன்றேகால் மணி நேரம். கேஸ்கட்டைப் புதிதாக மாற்றினோம். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

வண்டி காலி. இனி நிம்மதி என்று சொன்னேன். அண்ணாச்சி ஏணியில் ஏறி, மேல் மூடியை இரண்டு தடவை இறுக்கிவிட்டு வந்தார்.

"தம்பி, காலி வண்டிதான் ஆளக் கொல்லும்."

கெட்டியான அமிலம் இரும்பை அதிகம் தின்னாது. இரும்பின் மேல் ஒரு படலம் உண்டாகி அதுவே தடுத்துவிடும். அதனால்தான் சாதாரண இரும்பு டேங்கிலேயே கொண்டுவர முடிகிறது. தண்ணீர் கலந்து நீர்த்துப் போனால் கதை மாறிவிடும். டேங்கின் அடியில் தங்கியிருக்கிற கொஞ்சத்தில் மழைத் தண்ணீரோ ஈரக் காற்றோ சேர்ந்தால், நீர்த்த அமிலம் இரும்பை அரிக்க ஆரம்பிக்கும். அப்போது வருகிற வாயு ஹைட்ரஜன். மூடிய டேங்க், உள்ளே ஹைட்ரஜன், காலி வண்டிதானே என்று ஒருவன் வெல்டிங் வைக்க வந்தால் முடிந்தது. கழுவி, காற்றுப் போக்கி, சோதித்துப் பார்க்காமல் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. அதனால் பலகையையும் கழற்றுவதில்லை. நான் காலி நடைக்கு 'எம்ட்டி' என்று ஒரே சொல்லில் எழுதி மூடிவிடுவேன்.

ஆரியங்காவில் மழை, புளியரை இறங்கினால் காற்று. பாரம் இல்லாத வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை அண்ணாச்சி பேசவே இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நேற்று முந்தினம் பார்த்த றெக்கை வண்டி வழியில் எங்கேயும் இல்லை. ஊருக்குள் திரும்பியிருக்கும்.

பாவூர்சத்திரத்துக்கு மேற்கே அதே இரண்டு கிலோமீட்டர் இடம். இந்தத் தடவை அம்மாவே தம்பி பைக்கில் வந்துவிட்டது.

"காலியாத்தான வருது? வீட்டு முன்னால நிறுத்த வேண்டியதான?"

"காலின்னாலும் கூடாதும்மா."

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, அண்ணாச்சி மாதிரியே. பின்பக்கப் பலகைக்கு முன்னால் நின்றது. படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தது.

"இது யாரு கையிய்யா?"

"சும்மா படம்மா."

என் கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சோடா ஆஷ் பட்டு விரல் இடுக்கில் கொஞ்சம் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் தூக்குவாளியைத் திறந்து சோற்றில் குழம்பை ஊற்றியது. அண்ணாச்சிக்கும் ஒரு தட்டு கொண்டுவந்திருந்தது. சுடச்சுட இருந்தது.

போன் அடித்தது. என் கை எச்சில், அண்ணாச்சிதான் எடுத்தார்.

"பாவூர்சத்திரத்துல நிக்கோம்."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.